பெயரில்லாப் பிடியாணையை எதிர்த்தவர்

சட்டம் நல்லவர்களைக் காப்பதற்காக மட்டும் ஏற்பட்டதா? இவ்வினாவுக்கு விடை தருகிறது, ஜான் வில்க்ஸ் என்னும் ஆங்கிலேயரின் வாழ்க்கை.

1725-ஆம் ஆண்டு லண்டனில் பிறந்தவர் வில்க்ஸ். மாறுகண் உடையவர், ஆயினும் பேச்சால் எவரையும் கவர வல்லவர். சூதும் கேளிக்கையும் கடனும் அவரைவிட்டு எளிதில் நீங்கவில்லை. 1757-இல் பாராளுமன்ற உறுப்பினரானார். 1762-இல் 'நார்த் பிரிட்டன்' என்ற வார இதழைத் தொடங்கினார்.

அவ்விதழின் 45-ஆம் எண் 1763 ஏப்ரல் 23-இல் வெளிவந்தது. ஏழாண்டுப் போரை முடித்த உடன்படிக்கையைப் புகழ்ந்த அரசரின் உரையை அது கடுமையாகச் சாடியது. சினங்கொண்ட அமைச்சர் ஹாலிபாக்ஸ் பிரபு பிடியாணை ஒன்றில் கையொப்பமிட்டார். எழுதியவர், அச்சிட்டவர், வெளியிட்டவர் அனைவரையும் பிடித்து, அவர்தம் தாள்களையும் கைப்பற்றுக என்பதே ஆணை. ஆனால், அதில் ஒருவர் பெயருமில்லை! யாரைப் பிடிப்பது, எவ்வீட்டில் நுழைவது என்பதெல்லாம் ஏவலர் விருப்பமாயிற்று. 49 பேர் பிடிபட்டனர். அவ்விதழை அச்சிடாத டிரைடன் லீச் என்ற அச்சகத்தாரும் இரவில் படுக்கையிலிருந்து கொண்டு செல்லப்பட்டார். வில்க்ஸ் லண்டன் கோபுரத்தில் அடைக்கப்பட்டார். அவர் வீட்டு மேசையை உடைத்து, தாள்களை மூட்டையில் அள்ளிச் சென்றனர்.

ஒரு வாரத்திற்குள், பாராளுமன்ற உறுப்பினருக்குரிய சலுகையைக் காட்டி நீதிபதி பிராட் அவரை விடுவித்தார். வில்க்ஸ் அத்துடன் அமையவில்லை. வீட்டில் அத்துமீறி நுழைந்ததற்கு வழக்குத் தொடுத்து, துணைச் செயலர் ராபர்ட் உட்டுக்கு எதிராக அவ்வாண்டு டிசம்பரிலேயே 1,000 பவுன் இழப்பீட்டுத் தீர்ப்புப் பெற்றார். 1769-இல் ஹாலிபாக்ஸ் மீதே 4,000 பவுனுக்குத் தீர்ப்பாயிற்று. அமைச்சரின் கையொப்பம் சட்டமாகிவிடாது என்பது நிலைபெற்றது. இடையில் 1766-இல் பாராளுமன்ற மக்களவையும் இத்தகைய பொதுப் பிடியாணைகளைக் கண்டித்தது.

வில்க்ஸ் பெற்ற வெற்றி எளிதன்று. 1764-இல் அவையிலிருந்து நீக்கப்பட்டார். பிரான்சில் தஞ்சம் புகுந்தார். நாடு திரும்பி 22 மாதம் சிறையிலிருந்தார். எனினும் 1774-இல் லண்டன் மாநகரின் மேயரானார். 1797-இல் மறைந்தார்.

கடல் கடந்த அமெரிக்கக் குடியேற்ற மக்கள் இவ்வழக்கைக் கூர்ந்து கவனித்தனர். சோதிக்கும் இடத்தையும் பிடிக்கும் ஆளையும் குறிப்பிடாத பிடியாணை கூடாது என 1791-இல் தம் அரசியலமைப்பின் நான்காம் திருத்தத்திலேயே அவர்கள் எழுதி வைத்தனர்.

மாணவ நண்பர்களே! வில்க்ஸ் ஒழுக்கசீலர் அல்லர். ஆயினும் அவர் வாசற்கதவுக்குக் கிடைத்த காவல், குற்றமறியாத லீச் போன்றோர் வாசலுக்கும் காவலாயிற்று. நமக்குப் பிடிக்காதவனுக்கு மறுக்கப்படும் உரிமை, நாளை நமக்கும் இல்லாது போகும் அன்றோ?