வாக்கும் வரியும்: கலாநிதி என். எம். பெரேரா

குடிகளிடம் பெறுவது வரி. அதனைக் குடிகளுக்கே பகிர்ந்தளிப்பது அரசின் கடன். எவரிடம் பெறுவது, எவருக்கு ஈவது என்பதைத் தீர்மானிப்பதோ வாக்கு. இவ்வுண்மை எங்கள் சப்பிரகமுவா மண்ணோடு பிணைந்த கலாநிதி என். எம். பெரேராவின் வாழ்விலே தெளிவாகப் புலப்படுகின்றது.

1905 ஆம் ஆண்டு கொழும்பிற் பிறந்த அவர், இலண்டன் பொருளாதாரக் கல்லூரியிற் கற்றுக் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1934-35 இல் மலேரியா கேகாலை மாவட்டத்தை வாட்டியபோது நோயாளருக்கு நிவாரணப் பணி புரிந்தார். 1935 இல் லங்கா சமசமாஜக் கட்சியை நிறுவியோருள் ஒருவரானார். மறுவருடம், தெரணியகலைக்கு அயலான றுவான்வெல்லை மக்கள் அவரை அரசாங்க சபைக்கு அனுப்பினர்.

1953 இல் ஒரு கொத்துப் பங்கீட்டரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்ட் 12 ஆம் நாள் இடதுசாரிகள் நடத்திய ஹர்த்தால் நாட்டையே உலுக்கியது. பிரதமர் டட்லி சேனநாயக்க அக்டோபரிற் பதவி துறந்தார். மக்களின் சினத்தை மீறி எந்த நிதியமைச்சரும் மானியத்தைக் குறைத்தல் எளிதன்று என்பதை அன்று நாடு கண்டது.

1954 முதல் 1956 வரை பெரேரா கொழும்பு மாநகர மேயராக விளங்கினார். 1964 இலும், பின்னர் 1970 முதல் 1975 வரையும் நிதியமைச்சராக இருந்தார். மேலும் ஒரு கொத்தரிசி தருவதாக வாக்களித்து 1970 இல் வென்ற கூட்டணியிலே அவர் நிதிப் பொறுப்பேற்றார். ஆயினும் உலகச் சந்தையில் உணவும் எண்ணெயும் விலையேறவே, 1973 இற் பங்கீடு குறுகிற்று. அரசின் கொடைக்கும் ஓர் எல்லை உண்டன்றோ!

இங்கு நாம் மறவாதிருக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. தேயிலை ஏற்றுமதித் தீர்வையால் திறைசேரி நிறைந்தது. அத்தேயிலையைக் கொய்த எம்மவரோ 1948, 1949 ஆம் ஆண்டுச் சட்டங்களால் குடியுரிமையையும் வாக்கையும் இழந்தனர். 1948 இற் குடியுரிமைச் சட்டத்தைப் பெரேராவின் கட்சி எதிர்த்தது. எனினும், ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்த 1964 ஆம் ஆண்டு உடன்படிக்கை, அவர் அமைச்சராயிருந்த அரசாங்கத்தினதே. வாக்கற்றோர்க்குப் பரிந்துரைப்போர் இருந்தும், பேரம்பேசும் வலிமை இருந்ததில்லை.

1977 இல் எட்டியாந்தோட்டையில் தோல்வியுற்ற அவர், 1979 ஆகஸ்ட் 14 ஆம் நாள் இயற்கை எய்தினார்.

எஞ்சியிருந்தோர்க்கும் 2003 இற் குடியுரிமைச் சட்டம் வந்தது. ஆயினும் பிரதேச சபைகள் தோட்டங்களிற் பணம் செலவிடுதற்கிருந்த தடை 2018 இலேயே சட்டத்திருத்தத்தால் நீங்கிற்று. ஆதலின் நாடாளுமன்றத்தின் வாக்கு வேறு, ஊர்ச்சபையின் வாக்கு வேறு. ஒன்று அரிசியையும், மற்றொன்று வீதியையும் விளக்கையும் நிருணயிக்கும். எம் மாணவச் செல்வங்கள் இரண்டையும் அறிந்து ஆளக் கற்பார்களாக.