கை நடுங்காத மனிதர்

சென்ற ஆண்டு விடுதிகளுக்கிடையே நடந்த ஸ்நூக்கர் இறுதிப் போட்டியை நேரில் பார்த்த நண்பர்கள் அதை மறந்துவிட்டிருந்தால் நான் மிகவும் நன்றியுடையவனாவேன். மறந்திருக்க மாட்டார்கள். மேஜையில் கறுப்புப் பந்து ஒன்றுதான் மிச்சம். அதைப் பாக்கெட்டில் போட்டால் கோப்பை எங்கள் விடுதிக்கு. பந்தோ பாக்கெட்டின் வாயருகே, சின்னப் பையன்கூடத் தவறவிட மாட்டாத இடத்தில் நின்றுகொண்டிருந்தது. நான் குனிந்தேன். வலது கை என்னுடைய கையாக இல்லை. முழங்கால் தந்தியடித்தது. பந்து பாக்கெட்டின் விளிம்பில் மோதி, போகலாமா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்து, வெளியே வந்து நின்றது. எதிராளி எழுந்து வந்து, தயவு தாட்சண்யம் இல்லாமல் அதை உள்ளே தள்ளிவிட்டுப் போனார்.

அன்றிரவு மெஸ்ஸில் எனக்குச் சப்பாத்தி இறங்கவில்லை. நெஞ்சு படபடக்காத, கை நடுங்காத மனிதர் எவரேனும் இந்த உலகில் உண்டா என்று கேட்டுக்கொண்டே படுத்தேன். தேடிப் படித்ததில் அப்படி ஒருவர் அகப்பட்டார். அவர் பெயர் ஜோ டேவிஸ். உலக ஸ்நூக்கர் சாம்பியன் போட்டியில் முதல் பட்டத்தை வென்றவர். அதன் பின் 20 ஆண்டுகள் அந்தப் போட்டியில் ஒருவரிடமும் தோற்காதவர்.

ஸ்நூக்கர் என்றதும் வெள்ளைக்காரர் ஆட்டம் என்று முகம் சுளிக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. அது 1875-ஆம் ஆண்டில் நம் ஜபல்பூரில், ராணுவ அதிகாரிகளின் மெஸ்ஸில் பிறந்தது என்பார்கள். அதன் விதிகள் ஒழுங்காக எழுதப்பட்டுச் சுவரில் தொங்கியது நம் ஊட்டி கிளப்பில். ஆகவே பிறந்த வீடு நம்முடையது. ஜோ டேவிஸ் அதைச் சிறப்பாக வளர்த்த புகுந்த வீட்டுக்காரர்.

ஜோ 1901-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள், இங்கிலாந்தின் டெர்பிஷையரில் உள்ள விட்வெல் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். பின்னர் செஸ்டர்பீல்டு நகருக்கு அருகே மதுவிடுதி ஒன்றை நடத்தலானார். அந்த விடுதியில் ஒரு பில்லியர்ட்ஸ் மேஜை இருந்தது. அதுவே ஜோவுக்குப் பள்ளிக்கூடம். 13-ஆவது வயதில் உள்ளூர் அமெச்சூர் பட்டத்தை வென்றார். 18-ஆவது வயதில் இந்த ஆட்டமே தம் பிழைப்பு என்று முடிவு கட்டிவிட்டார்.

இத்தனைக்கும் அவருடைய வலது கண்ணில் பார்வை மிகக் குறைவு. குறி பார்க்கும் ஆட்டத்தில் இதைவிடப் பெரிய குறை வேறென்ன வேண்டும்? ஆனால் ஜோ அதற்காக மனம் உடையவில்லை. கியூ கோலை மோவாயின் நடுவில் வைக்காமல் இடது கண்ணின் கீழே வருமாறு வைத்துக்கொண்டார். தலை, தோள், கால் எல்லாவற்றையும் அந்த ஒரு கண்ணுக்கேற்ப அமைத்துக்கொண்டார். ஒவ்வொரு முறையும் அதே இடம், அதே நிலை. அதில் அணுவளவு பிசகினாலும் குறி தவறும் என்பதால், நிற்கும் முறையை ஒரு விரதம்போல் காத்தார். அவருடைய குறையே அவருக்கு ஒழுங்கைக் கற்பித்தது என்பது என் எண்ணம்.

அவர் தோல்வியே அறியாதவர் என்றும் நினைத்துவிட வேண்டாம். அந்நாளில் பில்லியர்ட்ஸே அரசன். அதன் உலகப் பட்டத்துக்காக 1926-இல் டாம் நியூமன் என்பவரோடு மோதித் தோற்றார். 1927-இல் அதே நியூமனிடம் மீண்டும் தோற்றார். ஒரே ஆளிடம் இருமுறை தோற்றவனுக்கு மூன்றாம் முறை அவர் முகத்தைப் பார்த்தாலே கை உதறும். எனக்கு உதறும். ஆனால் 1928-இல் ஜோ அதே நியூமனை வென்று பட்டத்தைக் கைப்பற்றினார்.

இதற்கிடையில், 1927-ஆம் ஆண்டு மே மாதம் பர்மிங்ஹாமில் முதல் உலக ஸ்நூக்கர் இறுதிப் போட்டி நடந்தது. ஜோ, டாம் டென்னிஸ் என்பவரை 20-க்கு 11 என்று வென்றார். கிடைத்த பரிசுத் தொகை 6 பவுண்டு 10 ஷில்லிங்! பிறகு போட்டி நடந்த ஒவ்வோர் ஆண்டும் அவரே வென்றார். 1946-இல் ஹொரேஸ் லிண்ட்ரமை வீழ்த்தி 15-ஆவது முறையாகப் பட்டம் பெற்றதும், அந்தப் போட்டியிலிருந்து தோல்வி காணாதவராகவே விலகிக்கொண்டார்.

அந்தப் பதினைந்தில் என் மனத்தைத் தொட்டது 1940-ஆம் ஆண்டு இறுதிப் போட்டி. எதிரே நின்றவர் வேறு யாருமல்லர்; 12 வயது இளையவரான சொந்தத் தம்பி ஃப்ரெட் டேவிஸ். அண்ணன் வென்றார். கணக்கு 37-க்கு 36. வெறும் ஒரு பிரேம் வித்தியாசம்! பின்னாளில், முன்கூட்டிப் புள்ளி எதுவும் வாங்காமல் சமநிலையில் ஆடி ஜோவை வென்ற ஒரே ஆட்டக்காரர் என்ற பெருமையும் இந்தத் தம்பிக்கே கிடைத்தது.

1955-ஆம் ஆண்டு ஜனவரி 22-ஆம் நாள் லண்டனில், லெஸ்டர் சதுக்க மண்டபத்தில் மற்றோர் அதிசயம் நடந்தது. 15 சிவப்புப் பந்துகள். ஒவ்வொரு சிவப்புக்குப் பின்னும் கறுப்பு. பிறகு ஆறு வண்ணப் பந்துகள். ஒரு தவறும் இல்லாமல் மொத்தம் 147 புள்ளிகள். அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்ட முதல் 147 அதுதான். அப்போது ஜோவுக்கு வயது 53. நூறு புள்ளிகளைத் தாண்டிய பின் ஒவ்வொரு பந்தும் எத்தனை மணங்கு கனத்திருக்கும்! அவர் கோல் மட்டும் கனக்கவில்லை.

இதன் ரகசியம் என்ன? அவர் எழுதிய நூல்களில் நிற்பது, பிடிப்பது, இடது கையை ஊன்றுவது, கோலை நேராகச் செலுத்துவது என்று எல்லாவற்றையும் பிரித்துப் பிரித்துப் பாடமாக வைத்தார். பிற்காலத்து ஆட்டக்காரர்கள் பலருக்கு அதுவே அரிச்சுவடி. அதில் நான் கண்ட மருந்து இதுதான். நடுக்கம் பந்தைப் பார்ப்பதால் வருவதில்லை. பந்துக்கு அப்பால் பார்ப்பதால் வருகிறது. நான் குனிந்தபோது என் மனம் கோப்பையைத் தொட்டுவிட்டது. நாளை நண்பர்கள் செய்யப்போகும் கேலியையும் கேட்டுவிட்டது. உடனே பிடி இறுகியது, தலை நிமிர்ந்தது, கோல் கோணியது. மனத்துக்கு அடங்கு என்று கட்டளையிட்டால் அது அடங்குமா? அதற்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும். கால் எங்கே, கை எங்கே, மோவாய் எங்கே என்று வரிசையாகச் சரிபார்க்கச் சொன்னால், அது கோப்பையை விட்டுவிட்டுக் கூலிக்காரனைப்போல் வேலை செய்யத் தொடங்கும். பல்லாயிரம் முறை பழகிய வரிசையென்றால், நெஞ்சு படபடத்தாலும் கை தன் கடமையை மறக்காது.

அப்படியானால் ஜோ படபடப்பையே வென்றுவிட்டாரா? அவருடைய கடைசி அத்தியாயத்தைப் படித்தபோது திகைத்துப் போனேன். 1978-ஆம் ஆண்டு, ஷெபீல்ட் நகரின் குரூசிபிள் அரங்கில் உலகப் போட்டியின் அரையிறுதி. ஆடியவர் தம்பி ஃப்ரெட். வயது 64. எதிரே தென்னாப்பிரிக்காவின் பெரி மான்ஸ். 77 வயது அண்ணன் பார்வையாளராக உட்கார்ந்திருந்தார். தம்பியின் ஒவ்வோர் அடிக்கும் தாமே ஆடுவதுபோல் நாற்காலியில் இப்படியும் அப்படியும் சாய்ந்துகொண்டிருந்தாராம். அந்த ஆட்டத்தின் நடுவிலேயே உடல் தளர்ந்து சரிந்தார். தம்பி 18-க்கு 16 என்று தோற்றார். அண்ணன் அதன் பின் முழுதாகத் தேறவேயில்லை. ஜூலை 10-ஆம் நாள் காலமானார்.

கோல் கையில் இருந்தவரை அசையாத மனிதரை, கோல் இல்லாத நாற்காலி அசைத்துவிட்டது. அவர் கை நடுங்காததற்குக் காரணம் நெஞ்சு கல்லாக இருந்தது அன்று. கைக்கு வேலை இருந்தது, அவ்வளவுதான்.

இவ்வாண்டுப் போட்டியில் இரண்டாம் சுற்றிலேயே மறுபடியும் ஒரு கறுப்புப் பந்து எனக்காகக் காத்திருந்தது. முழங்கால் பழையபடி தந்தியடித்தது. கால், கை, மோவாய் என்று வரிசையாகப் பார்த்துவிட்டு, ஒரு மூச்சு விட்டு, அடித்தேன். விழுந்தது. அடுத்த சுற்றில் தோற்றேன் என்பது வேறு கதை. அது திறமைக் குறைவால் வந்த தோல்வி, நடுக்கத்தால் வந்ததன்று.

இறுதிப் போட்டியில் ஆடியவன் நம் சங்கத்து முதலாண்டு மாணவன். நான் கோல் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த தம்பி. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். உள்ளங்கை வியர்த்தது, அவன் அடித்த ஒவ்வொரு பந்தோடும் நானும் சாய்ந்தேன். பக்கத்திலிருந்த நண்பர், வயிற்று வலியா என்று பரிவோடு விசாரித்தார். தம்பி வென்றான். எனக்கு இரண்டு நாள் கழுத்து வலி.

நண்பர்களே, வாய்மொழித் தேர்வு நெருங்குகிறது. அறைக்குள் போகிறவர்களுக்கு ஜோ டேவிஸின் மருந்து உண்டு. வெளியே பெஞ்சியில் அவர்களுக்காகக் காத்திருப்பவர்களுக்கு மருந்து எதையும் நான் இதுவரை கண்டுபிடிக்கவில்லை. இருந்தாலும் வாங்கிக்கொள்ள மாட்டேன்.