கூலிக்கு எடுத்த வாள்

பணம் பெற்றுக்கொண்டு பிறருக்காக உளவறிந்தும் போரிட்டும் வாழ்கிறான் ஒருவன். வேலை முடிந்தபின் அவனை அமர்த்தியவர்களே அவனை வேட்டையாடுகின்றனர். மேனாட்டுத் திரைப்படங்களில் நாம் ஆவலுடன் காணும் கதை இது. மாணவ நண்பர்களே! இத்தகைய கதையொன்று 18-ஆம் நூற்றாண்டிலேயே மதுரை மண்ணில் நடந்து முடிந்தது. அதன் தலைவர் மருதநாயகம் என்னும் கான்சாகிபு.

இராமநாதபுரச் சீமையைச் சேர்ந்த பனையூரில், 1725-ஆம் ஆண்டளவில், வேளாளர் குடியில் அவர் பிறந்தார் என்பர். இளமையிலேயே வீட்டைவிட்டு வெளியேறினார். இசுலாம் தழுவி யூசுப்கான் ஆனார். புதுச்சேரியில் ஐரோப்பியரிடம் பணியாற்றிய பின், 1752-ஆம் ஆண்டளவில் இராபர்ட் கிளைவின் படையில் சேர்ந்தார். திருச்சி முற்றுகையின்போது ஆங்கிலேயருக்கு உணவுப் பொருள் தவறாமல் வந்து சேர வழிசெய்தவர் அவரே. அதனால் 1754-இல் கும்பினியாரின் சிப்பாய்கள் அனைவர்க்கும் தளபதியானார்.

1757-இல் திண்டுக்கல்லிலிருந்து மதுரைச் சீமைக்குள் புகுந்த ஐதர் அலியை, நத்தம் கணவாயருகே அவர் முறியடித்தார். பின்னாளில் நம் பெங்களூரில் இலால்பாக் தோட்டத்தைத் தொடங்கிய அதே ஐதர்தான்! 1758 திசம்பரில் பிரெஞ்சுத் தளபதி இலாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, வெளியே நின்று அவன் படையை ஓயாது அலைக்கழித்தவர்களுள் கான்சாகிபும் ஒருவர். அடுத்த ஆண்டில் மதுரையும் திருநெல்வேலியும், ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய்க் குத்தகைக்கு, அவர் கைக்கு வந்தன.

அடங்க மறுத்த பாளையக்காரர்களை அவர் ஒடுக்கினார். 1761-இல் பூலித்தேவரின் நெற்கட்டுஞ்செவலும் வீழ்ந்தது. அதேவேளையில் கள்வர் பயத்தை நீக்கினார், குளங்களைச் செப்பனிட்டார், மீனாட்சியம்மன் கோயில் தனது உடைமைகளைத் திரும்பப் பெற உதவினார். மக்கள் அவரை மதித்தனர். அந்த மதிப்பே ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலியின் கண்ணை உறுத்தியது. தமக்கு அடங்கிய குத்தகைக்காரராகவே கான்சாகிபு இருக்கவேண்டும் என்றார் நவாபு. கும்பினியாரும் நவாபின் பக்கமே நின்றனர். பத்தாண்டு உழைப்பு ஒரு நொடியில் மறக்கப்பட்டது!

கான்சாகிபு பணியவில்லை. 1763-இல் மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். ஆனால் அவ்வாண்டுத் தொடக்கத்திலேயே பாரிசு உடன்படிக்கையால் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சமாதானம் செய்துகொண்டிருந்தனர். கொடி பறந்தது, படை வரவில்லை. முதல் முற்றுகையை அவர் முறியடித்தார். 1764-இல் மேசர் காம்பெல் நடத்திய தாக்குதலும் தோற்றது. பிறகு ஆங்கிலேயர் பசியை ஆயுதமாக்கினர். கோட்டைக்குள் உணவு செல்லும் வழிகளெல்லாம் அடைபட்டன.

அக்டோபர் 13-ஆம் நாள் அவரைப் பிடித்துக் கட்டியவர்கள் பகைவர் அல்லர். அவரிடம் ஊதியம் பெற்றவர்களே. ஒருவர் திவான் சீனிவாசராவ். மற்றொருவர் பிரெஞ்சுக் கூலிப்படைத் தலைவன் மார்ச்சாந்து. இரண்டு நாள் கழித்து, அக்டோபர் 15-இல், நவாபின் ஆணைப்படி அவர் தூக்கிலிடப்பட்டார்.

அவரை வீரர் என்பதா? கூலிக்குப் போரிட்டவர் என்பதா? இரண்டும் உண்மையே. கூலிக்கு வாளெடுத்தவரை, கூலிக்கு வந்தவர்களே காட்டிக்கொடுத்தனர். இதைவிடக் கொடியது ஒன்றுண்டு. அந்நியரை எதிர்க்கத் துணிந்த நாளில் அவருக்குத் தோள்கொடுத்திருக்கக் கூடியவர் பூலித்தேவர் போன்றோரே. அவர்களின் வலிமையை முன்னரே முறித்தது அவருடைய வாள்தான்! திறமை மிக்க மனிதன், தன் திறமை யாருக்குப் பயன்படுகிறது என்று எண்ணிப் பாராவிடில் நேரும் கேடு இது. பட்டம் பெற்று வேலை தேடப்போகும் நமக்கும் இதில் பாடமுண்டு.

கமலகாசன் 1997-இல் இங்கிலாந்து அரசி எலிசபெத்தின் முன்னிலையில் இவ்வரலாற்றைத் திரைப்படமாக்கத் தொடங்கினார், படம் முற்றுப்பெறவில்லை. ஆயினும் 'கான்சாகிபு சண்டை' என்னும் கதைப்பாடலில் அவர் வாழ்கிறார். ஸ்ரீராம்புரத்திலிருந்து விடுமுறைக்கு மதுரை செல்லும் நண்பர்கள் கான்சாமேட்டுத் தெருவில் நடந்து பாருங்கள். சம்மட்டிபுரத்தில் அவர் அடக்கமான இடத்தையும் கண்டு வாருங்கள். திரை காட்டாத வரலாற்றை அவ்விடங்கள் சொல்லும்.