ஹெரால்ட் யூரி: கல்லுக்குள் தெர்மாமீட்டர் கண்டவர்

கொல்லிமலைக்கு பைக்கில் வந்தவங்களுக்கு 70 கொண்டை ஊசி வளைவும் ஆகாய கங்கையும்தான் ஞாபகம் இருக்கும். திண்ணனூர் நாட்டுக்காரனான எனக்கு, மழையில் நனையும் அந்தப் பாறையைப் பார்த்தால் ஒருத்தர் ஞாபகம் வருவார். ஹெரால்ட் யூரி.

1893-ல் அமெரிக்காவின் இண்டியானாவில் பிறந்தார். ஆறு வயசில் அப்பாவை இழந்தார். கிராமத்துப் பள்ளிகளில் வாத்தியார் வேலை பார்த்த பிறகுதான் காலேஜ். அங்கே படித்தது விலங்கியல், பேர் வாங்கித் தந்தது வேதியியல். 1931-ல் டியூட்டிரியம் என்ற கனமான ஹைட்ரஜனைக் கண்டுபிடித்தார். 1934-ல் நோபல் பரிசு.

ஒரே தனிமம், எடை மட்டும் வேற. அதுதான் ஐசோடோப். அதைப் பிரிக்கத் தெரிந்தவர் என்பதால், போர்க்காலத்தில் அணுகுண்டுக்காக யுரேனியம் பிரிக்கும் ஆராய்ச்சி அவர் தலையில் விழுந்தது. 1945 மே மாதம், குண்டு போடுவதற்கு முன்பே, லியோ சிலார்டோடு போய், அதிபருக்கு நெருக்கமான ஜேம்ஸ் பர்ன்ஸைச் சந்தித்து எச்சரித்தார். பலிக்கவில்லை. ஆகஸ்டில் ஹிரோஷிமா.

போருக்குப் பிறகு சிகாகோவில் ஐசோடோப்பை வேறு வேலைக்குத் திருப்பினார். கடல் குளிர்ந்தால், அதில் வளரும் ஓட்டில் ஆக்சிஜன்-18 பங்கு கொஞ்சம் கூடும். அதை அளந்தால் பழைய கடலின் வெப்பநிலை தெரியும். 1951-ல் அவர் குழு, கணவாய்க்குச் சொந்தமான ஒரு ஜுராசிக் கால உயிரியின் புதைபடிவத்தை அடுக்கடுக்காகச் சுரண்டி அளந்தது. அது சுமார் நாலு வருஷம் வாழ்ந்து, ஒரு வசந்த காலத்தில் செத்தது என்று தெரிந்தது!

1952-ல் வந்த அவர் புத்தகத்தில் பாறையின் கதை. மழைநீர் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு சிலிக்கேட் பாறையை மெல்ல அரிக்கும். கரைந்த கால்சியம் கடலுக்குப் போய்ச் சுண்ணாம்புக் கல்லாகும், கார்பனும் அதுக்குள்ளேயே அடைபடும். பிரான்சின் எபெல்மென் 1845-லேயே சொன்ன கருத்துதான். ஆனா இன்னைக்கு அந்த வினைக்கு யூரி பேர். பல லட்சம் வருஷக் கணக்கில் பூமியின் சூடு எல்லை மீறாமல் இருக்க இதுவும் ஒரு காரணம்.

எங்க மலையின் சார்னோகைட்டும் சிலிக்கேட் பாறைதான். உச்சியில் இருக்கும் பாக்சைட், அப்படி அரித்து அரித்து மிஞ்சியது. பக்கத்து நீலகிரியின் சதுப்பு மண்ணில் கார்பன் ஐசோடோப்பை அளந்து, பல ஆயிரம் வருஷத்து ஈரத்தையும் வறட்சியையும் நம்ம ஆய்வாளர்கள் 1993-ல் படித்துக் காட்டினார்கள்.

யூரி 1981-ல் காலமானார். பிளேஸ்மென்ட் சீசனில் அவரை அடிக்கடி நினைச்சுக்கறேன். கத்துக்கிட்ட வித்தை ஒண்ணுதான். அது குண்டுக்கும் போச்சு, கல்லைப் படிக்கவும் போச்சு.