குளிர் காற்றில் உஷ்ணம் கண்ட கெல்வின் பிரபு

மார்கழி மாதத்தில் கல்வராயன் மலைக்கு ஏறிப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம் உடனே தெரியும். கீழே களமருதூர்ப் பக்கத்துச் சமவெளியில் ஒரு போர்வைக்கு அடங்கும் குளிர், மேலே வெள்ளிமலையில் கம்பளி கேட்கும். விடிகிறவரை அடுப்பங்கரையை விட்டு நகர மனம் வராது. சித்திரை பிறந்துவிட்டாலோ, சமவெளி வீடுகளில் மின்விசிறி சுழன்றும் புழுக்கம் தீராது. ஒரே மாவட்டம்தான். மேலே உஷ்ணம் வேண்டும்; கீழே குளிர்ச்சி வேண்டும்.

இரண்டையும் ஒரே யந்திரம் கொடுக்கும் என்றால் ஆச்சரியமாக இருக்கிறதல்லவா? சுவரில் மாட்டும் ‘ஸ்பிளிட் ஏ.சி.’யில், கடைக்காரர்கள் ‘ஹாட் அண்ட் கோல்ட்’ என்று சொல்லும் ரகம் அப்படிப்பட்டதுதான். கோடையில் குளிர்ந்த காற்று, பனிக்காலத்தில் வெதுவெதுப்பான காற்று. வீடு முழுவதும் காற்றுக் குழாய்கள் ஓட வேண்டியதில்லை. இந்த யந்திரத்தின் தத்துவத்தை 1852-ம் ஆண்டிலேயே கணக்குப் போட்டுக் காட்டியவர்தான் கெல்வின் பிரபு.

பத்து வயதில் சர்வகலாசாலை

அவருடைய இயற்பெயர் வில்லியம் தாம்ஸன். அயர்லாந்திலுள்ள பெல்பாஸ்ட் நகரில் 1824 ஜூன் 26-ந் தேதி பிறந்தார். ஆறு வயதிலேயே தாயை இழந்தார். தந்தை ஜேம்ஸ் தாம்ஸன் கணித ஆசிரியர். அவருக்குக் கிளாஸ்கோ சர்வகலாசாலையில் பேராசிரியர் வேலை கிடைக்கவே, குடும்பம் ஸ்காட்லாந்துக்குக் குடிபெயர்ந்தது. பிள்ளைகளுக்குத் தந்தையே வாத்தியார். பத்து வயது நிரம்பியதும் வில்லியம் அதே சர்வகலாசாலையில் மாணவராகச் சேர்ந்துவிட்டார்!

அடுத்து கேம்பிரிட்ஜ் வாசம். 1845-ல் நடந்த கணிதப் பரீட்சையில் அவர்தான் முதல்வராக வருவார் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். இரண்டாவதாகத்தான் வந்தார். ஆனால் அதனால் அவருடைய கீர்த்திக்குக் குறைவு வந்துவிடவில்லை. மறு வருஷமே, 22-வது வயதில், கிளாஸ்கோவில் பௌதிகப் பேராசிரியராக நியமனம் பெற்றார். அந்தப் பதவியில் 53 வருஷம் நீடித்தார்.

பாரிஸில் தேடிய புத்தகம்

பரீட்சை முடிந்ததும் தாம்ஸன் பாரிஸுக்குப் போயிருந்தார். அங்கே ஒரு புத்தகத்தைத் தேடிக் கடை கடையாக ஏறி இறங்கினார். ஸாதி கார்னோ என்ற பிரெஞ்சு இளைஞர் நீராவி யந்திரங்களைப் பற்றி எழுதிய சிறு நூல் அது. வெளியான வருஷம் 1824. தாம்ஸன் பிறந்த அதே வருஷம். கார்னோ 36 வயதிலேயே காலராவுக்குப் பலியாகிவிட்டார். அவருடைய பெயரே கடைக்காரர்களுக்கு மறந்துபோயிருந்தது. புத்தகம் கிடைக்கவில்லை. ஆனாலும் தாம்ஸன் விடவில்லை. மற்றவர்கள் எழுதியதன் மூலம் கார்னோவின் கருத்தைத் தெரிந்துகொண்டார். பின்னால் அந்த நூலையும் தேடிப் பெற்றார்.

கார்னோவின் கருத்து இதுதான்: மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் பாயும் தண்ணீர் சக்கரத்தைச் சுற்றுவதுபோல, சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு உஷ்ணம் பாயும்போது யந்திரம் ஓடுகிறது.

1847-ல் ஆக்ஸ்போர்டில் நடந்த விஞ்ஞானிகள் மகாநாட்டில், மதுபான உற்பத்திக் குடும்பத்தைச் சேர்ந்த ஜூல் என்பவரைத் தாம்ஸன் சந்தித்தார். உழைப்பு உஷ்ணமாக மாறும், உஷ்ணம் உழைப்பாக மாறும் என்று ஜூல் பரிசோதனை செய்து காட்டிக்கொண்டிருந்தார். கார்னோ சொன்னதும் ஜூல் சொன்னதும் ஒன்றோடொன்று முரண்படுவதாகத் தோன்றின. இரண்டையும் இணைக்கத் தாம்ஸனுக்குச் சில வருஷங்கள் பிடித்தன.

இடையில், 1848-ல், உஷ்ணத்துக்கு ஒரு புது அளவை வகுத்தார். நாம் பூஜ்யம் டிகிரி சென்டிகிரேட் என்று சொல்லும் பனிக்கட்டியின் குளிர், அந்த அளவில் 273. மலையில் 10 டிகிரிக் குளிர் என்றால், அந்த அளவில் அது 283! நமக்குப் பல்லைக் கிட்டவைக்கும் காற்றிலும் எவ்வளவு உஷ்ணம் அடங்கியிருக்கிறது என்பதை அந்த எண்ணே சொல்லிவிடுகிறது. அந்த உஷ்ணத்தை வெளியிலிருந்து வீட்டுக்குள் கொண்டுவர முடியுமா?

ஏற்றம் இறைக்கும் கணக்கு

1852-ல் தாம்ஸனுக்கும் மார்கரெட் கிரம் என்ற பெண்ணுக்கும் விவாகம் நடந்தது. மணமான சில நாட்களிலேயே மார்கரெட் நோய்வாய்ப்பட்டார். அதன் பிறகு அவர் பூரண சுகம் காணவே இல்லை. அந்த வருஷம் டிசம்பரில்தான் தாம்ஸன், கட்டடங்களுக்குச் சூடும் குளிர்ச்சியும் சிக்கனமாகக் கொடுப்பது பற்றிய கட்டுரையைக் கிளாஸ்கோவில் வெளியிட்டார்.

அவர் சொன்ன வழி எளிமையானது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பு சுடுகிறது. அழுத்தினால் காற்று சூடேறும்; விரிய விட்டால் குளிரும். வெளிக்காற்றை ஓர் உருளைக்குள் இழுத்து விரிய விட்டால், அது வெளியிலிருப்பதைவிட அதிகமாகக் குளிர்ந்துவிடும். அப்போது இரும்புச் சுவர் வழியாக வெளியிலுள்ள உஷ்ணம் அதற்குள் பாயும். பிறகு அதை அழுத்தி வீட்டுக்குள் விட்டால் சூடான காற்று வரும். முறையைத் திருப்பிப் போட்டால் குளிர்ந்த காற்று வரும்.

கிணற்றில் ஏற்றம் இறைப்பவர் தண்ணீரை உண்டாக்குவதில்லை. இருக்கும் தண்ணீரை மேலே தூக்குகிறார். தூக்கும் உழைப்புக்குத்தான் கூலி. அதுபோல, இங்கே உஷ்ணத்தைத் தூக்குவதற்கு மட்டுமே செலவு. 10 டிகிரிக் காற்றைச் சுமார் 27 டிகிரிக்குக் கொண்டுவர, குறையே இல்லாத யந்திரம் ஒன்று இருந்தால், நேராகச் சூடாக்கும் செலவில் 35-ல் ஒரு பங்கு உழைப்பே போதும் என்று தாம்ஸன் கணக்கிட்டார். அதற்குச் சில வருஷங்களுக்கு முன்னேயே, ஸ்காட்லாந்தின் அரசாங்க வானவியலாளர் பியாசி ஸ்மித், வெப்ப நாட்டு வீடுகளைக் காற்றைக்கொண்டே குளிரச் செய்யும் யோசனையைக் கிளப்பியிருந்தார். சூடு, குளிர்ச்சி இரண்டுக்கும் ஒரே கணக்கைத் தந்த பெருமை தாம்ஸனுடையது.

கடலுக்கடியில் போன கம்பி

ஆனால் அப்படி ஒரு யந்திரத்தைச் செய்து வீட்டில் வைக்க யாரும் முன்வரவில்லை. கிளாஸ்கோவில் நிலக்கரி மலிவு. தாம்ஸனையும் வேறு வேலை இழுத்துக்கொண்டது. ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் இணைக்க அட்லாண்டிக் கடலடியில் தந்திக் கம்பி போடும் முயற்சியில் அவர் இறங்கினார். 1858-ல் போட்ட கம்பி சில வாரங்களில் ஊமையாகிவிட்டது. 1866-ல் வெற்றி கிடைத்தது; ‘ஸர்’ பட்டமும் கிடைத்தது. இதற்கிடையே, 1860-ல் பனிக்கட்டித் தரையில் விளையாடும்போது விழுந்து கால் ஒடிந்தது. அதன் பிறகு ஆயுள் முழுவதும் சாய்ந்து சாய்ந்துதான் நடந்தார். 1870-ல் மார்கரெட் காலமானார்.

1892-ல் அவர் பிரபுவானார். சர்வகலாசாலை அருகே ஓடும் கெல்வின் நதியின் பெயரையே தம் பட்டமாக ஏற்றார். 1899-ல் ஓய்வு பெற்றதும், அதே சர்வகலாசாலையில் ஆராய்ச்சி மாணவராகப் பெயரைப் பதிவு செய்துகொண்டார். அப்போது வயது 75! 1907 டிசம்பர் 17-ந் தேதி காலமானார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் நியூட்டனின் சமாதிக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார். தம் கணக்கின்படி சூடேறிய ஒரு பெரிய கட்டடத்தைக்கூட அவர் பார்க்கவில்லை.

86 வருஷம் காத்திருந்தது

1938-ல் ஸ்விட்ஸர்லாந்தில் ஜூரிச் நகர மண்டபத்துக்கு, பக்கத்தில் ஓடும் லிம்மாட் நதியின் குளிர்ந்த நீரிலிருந்தே உஷ்ணம் எடுத்துக் கொடுத்தார்கள். கெல்வினின் கட்டுரைக்கும் அதற்கும் இடையே 86 வருஷங்கள்! 1960-களில் ஜப்பானிய நிறுவனங்கள் யந்திரத்தை இரண்டாகப் பிரித்து, சத்தம் போடும் பாகத்தை வெளியிலும் காற்று வீசும் பாகத்தை உள்ளேயும் வைத்தன. நடுவே இரண்டு செப்புக் குழாய்களும் மின்கம்பியும்தான். சுவரில் ஒரு துவாரம் போதும்.

மலை வீடுகளுக்கு இது பொருத்தமானது. எல்லா அறைக்கும் செலவழிக்காமல், குழந்தையும் வயோதிகரும் படுக்கும் ஓர் அறையை மட்டும் சூடாக்கலாம். கம்பி பழுக்கும் சாதாரண ஹீட்டர் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் உஷ்ணமே தரும். இந்த யந்திரம், நம் மலைகளின் மிதமான குளிரில், மூன்று யூனிட் வரை தரக்கூடும். வாங்குகிறவர்கள் குளிரூட்ட மட்டும் பயன்படும் ரகத்தை வாங்கி ஏமாறக்கூடாது. கூரை இடுக்கையும் கதவு இடுக்கையும் முதலில் அடைக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் ஓட்டைக் குடத்தில் இறைத்த கதைதான்!

காட்டில் பொறுக்கிய விறகைத் தலையில் சுமந்து வந்து, புகையில் கண் கசக்கிக் குளிர் காயும் பெண்கள் மலைகளில் இன்றும் உண்டு. அவர்கள் வீட்டைச் சுற்றி வீசும் குளிர்காற்றிலேயே அவர்களுக்கு வேண்டிய உஷ்ணம் இருக்கிறது. அதை எடுத்துத் தரும் யந்திரத்தின் விலையும், அதை ஓட்டும் மின்சாரமும் அவர்கள் கைக்கு எட்டும் நாளில்தான் கிளாஸ்கோ பேராசிரியரின் கணக்கு முழுமை பெறும்.