காந்தப் புயல் வந்தால் வானத்தில் காற்று ஏன் சூடாகி ஓடுகிறது? இறந்த பிறகு ஜெயித்த பிர்க்லேண்டின் கதை

2022 பிப்ரவரியில் ஸ்பேஸ்எக்ஸ் ஏவிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் பெரும்பாலானவை மேல் பாதைக்குப் போக முடியாமல் விழுந்து எரிந்தன. காரணம், புவிகாந்தப் புயல். மேல் வளிமண்டலம் சூடாகி உப்பி, அவற்றின் வேகத்தைக் குறைத்துவிட்டது.

சரி, அவ்வளவு உயரத்தில் காற்றைச் சூடாக்கியது எது? இந்தக் கேள்விக்கான பதிலில் பாதியை நூறு வருஷத்துக்கு முன்பே சொன்னவர் கிறிஸ்டியன் பிர்க்லேண்ட்.

மலை உச்சியில் ஒரு கண்காணிப்பு நிலையம்

1867-ல் நார்வேயின் கிறிஸ்டியானியாவில் (இன்றைய ஆஸ்லோ) பிறந்தவர். 30 வயதிலேயே அங்குள்ள பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர். துருவ ஒளி எப்படி உருவாகிறது என்ற ஒரே கேள்விதான் அவரைத் துரத்தியது. 1899-ல் வட நார்வேயின் ஹால்டே மலை உச்சியில் கண்காணிப்பு நிலையம் அமைத்துக் குளிர்காலம் முழுக்கத் தங்கினார். பனிச்சரிவில் குழுவில் உயிரிழப்பும் நேர்ந்தது. ஆனாலும் அவர் விடவில்லை. 1902-03-ல் நார்வே, ஐஸ்லாந்து, ஸ்பிட்ஸ்பெர்கன், நோவாயா செம்லியா என நான்கு இடங்களில் காந்தமானிகளை வைத்தார்.

அளவீடுகளில் ஒரு விஷயம் பிடிபட்டது. துருவ ஒளி தெரியும்போதெல்லாம் காந்தமானியின் முள் ஆடியது. அப்படின்னா மேலே கரண்ட் ஓடுகிறது! சூரியனிலிருந்து வரும் மின்துகள்கள் பூமியின் காந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு துருவங்களில் இறங்குகின்றன என்று அவர் கணித்தார். ஆய்வகத்தில் வெற்றிடப் பெட்டிக்குள் ஒரு காந்த உருண்டையை வைத்து, அதன்மேல் மின்துகள்களைப் பாய்ச்சி, துருவங்களைச் சுற்றி ஒளி வளையத்தையும் வரவழைத்துக் காட்டினார்.

வெடித்த பீரங்கி, கிடைத்த உரம்

ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டுமே? மின்காந்தப் பீரங்கி ஒன்றைச் செய்தார். 1903-ல் பிரமுகர்கள் முன்னால் நடந்த சோதனையில் ஷார்ட் சர்க்யூட் ஆகி, பெரும் மின்பொறி கிளம்பியது. மானம் போனதுதான் மிச்சம். ஆனால் அந்த மின்பொறியை வைத்தே காற்றிலிருந்து உரம் தயாரிக்கும் முறையைப் பொறியாளர் சாம் ஐடேவுடன் சேர்ந்து உருவாக்கினார். 1905-ல் நார்ஸ்க் ஹைட்ரோ நிறுவனம் பிறந்தது இப்படித்தான்.

துருவ ஒளி விஷயத்தில் மட்டும் அவரை நம்ப ஆளில்லை. விண்வெளி வெற்றிடம், அங்கிருந்து கரண்ட் எப்படி இறங்கும் என்பதே பலரின் வாதம். பிரிட்டன் விஞ்ஞானி சிட்னி சாப்மனின் மாற்றுக் கோட்பாடுதான் பல பத்தாண்டுகள் கோலோச்சியது. தூக்கமின்மையோடு போராடிய பிர்க்லேண்ட், 1917-ல் டோக்கியோ ஹோட்டல் அறையில் 49 வயதில் இறந்துகிடந்தார். உடலில் தூக்க மருந்து அளவுக்கு மீறி இருந்தது.

1960-களில் அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்று துருவப் பகுதிக்கு மேலே பறந்தபோது, அவர் சொன்ன மின்னோட்டம் அதன் காந்தமானியில் பதிவானது. இன்று அதற்குப் பெயரே பிர்க்லேண்ட் மின்னோட்டம்.

சரி, காற்று எங்கே வந்தது இதில்?

காற்றைப் பற்றி அவர் ஆராயவில்லை. அந்தப் பாதியைப் பின்னால் வந்தவர்கள் நிரப்பினார்கள்.

காந்தப் புயலின்போது இந்த மின்னோட்டம் பல மடங்கு கூடுகிறது. தரையிலிருந்து 100 கி.மீ.-க்கு மேலே அயனி மண்டலம் வழியாக ஓடும்போது, அயர்ன் பாக்ஸ் கம்பி சூடாவதுபோல அங்குள்ள காற்றும் சூடாகிறது. கூடவே, மின்புலத்தால் ஓடும் அயனிகள் காற்றுத் துகள்களை இடித்து இழுத்துக்கொண்டு போகின்றன.

சாதாரண நாளில் மேல் வளிமண்டலக் காற்றை ஓட்டுவது பெரும்பாலும் சூரிய வெப்பம். அதனால் அது பகல் பக்கமிருந்து இரவுப் பக்கம் வீசும். புயலின்போது துருவங்கள் சூடாகி அழுத்தம் ஏறுவதால், காற்று அங்கிருந்து பூமத்திய ரேகை நோக்கிக் கிளம்புகிறது. வேகம் நொடிக்குச் சில நூறு மீட்டர். அதாவது மணிக்கு 1,000 கி.மீ.-ஐத் தாண்டலாம். காற்று மிக மெல்லியது என்பதால் அங்கே ஒரு காகிதம்கூடப் படபடக்காது. ஆனால் செயற்கைக்கோளின் பாதை மாறும், அயனி மண்டலம் குலையும், ஜிபிஎஸ் காட்டும் இடம் பிசகும்.

1994-ல் நார்வே தன் 200 குரோனர் நோட்டில் பிர்க்லேண்டின் படத்தை அச்சிட்டது. புயல் நாளில் மேலே காற்று எப்படி வீசும் என்று கணக்குப் போடுபவர்கள் முதலில் தேடுவது, துருவத்தில் அவர் பெயர் தாங்கிய மின்னோட்டம் எவ்வளவு இறங்குகிறது என்பதைத்தான்.