கிணறு வெட்டிய ஜான் மியூர்

1849-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். ஸ்காட்லாந்தின் டன்பார் ஊரில், தாத்தா வீட்டில் பாடம் படித்துக்கொண்டிருந்தான் 10 வயதுச் சிறுவன் ஜான் மியூர். படித்தது போதும், காலையில் அமெரிக்கா புறப்படுகிறோம் என்று அப்பா வந்து சொன்னதும் துள்ளிக் குதித்தான்.

கனடாவில் நிலம் வாங்குவதுதான் அப்பா டேனியலின் திட்டம். விஸ்கான்சினில் கோதுமை நன்றாக விளையும், காடு வெட்டும் வேலையும் குறைவு என்று வழியில் சந்தித்தவர்கள் சொன்னார்கள். மனம் மாறிய அவர் அங்கே ஓர் ஏரிக்கரையில் நிலம் வாங்கினார். மூன்று பிள்ளைகளுடன் முதலில் போய் வீடு கட்டினார். பிறகே அம்மாவும் மற்றப் பிள்ளைகளும் வந்தார்கள்.

சில ஆண்டுகளில் வேறு நிலம் வாங்கினார். அங்கே தண்ணீர் இல்லை! இளைஞர் ஜான் பாறையை உளியால் கொத்திக் கொத்தி 90 அடிக் கிணறு வெட்டினார். 80 அடி ஆழத்தில் ஒருநாள், அடியில் தேங்கிய கரியமில வாயுவால் மயங்கினார். அப்பா வாளியில் தூக்கிக் காப்பாற்றினார்.

பெரியவரானதும், மாடுகள் மிதித்துப் பாழாக்காமல் காக்க, பழைய ஏரிக்கரைப் புல்வெளியை விலைக்குக் கேட்டார். கிடைக்கவில்லை. ஆனாலும் சோர்ந்துவிடவில்லை. அவருடைய கட்டுரைகளின் பயனாக 1890-இல் யோசெமிட்டி தேசியப் பூங்கா உருவானது. 1914-இல் மறைந்தார். அந்த ஏரிக்கரையில் இன்று அவர் பெயரிலேயே பூங்கா இருக்கிறது.

மாணவச் செல்வங்களே! நிலம் வாங்குமுன் தண்ணீரைப் பார்க்க வேண்டும். வாங்கியபின் மண்ணைக் காக்க வேண்டும்.